மெழுகு வேண்டாத கம்பி

தீவின் டெலானிபூர் மேட்டில், தார்ப்பாய்க்கு அடியில், டெலிபோன் கேபிள் இணைக்கும் பக்கிரிசாமி மழைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். காகிதம் சுற்றிய பழைய கேபிளில் சொட்டு ஈரம் இறங்கினாலும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நர்ஸ் மரகதத்தின் வீட்டு லைன் செத்துவிடும். ஈரத்தை விரட்ட மெழுகை உருக்கி ஊற்றுவார். இன்றும் பழக்கதோஷத்தில் ஸ்டவ்வில் மெழுகுச் சட்டியை ஏற்றிவிட்டார். கப்பலில் வந்திறங்கிய இந்தப் புதுக் கம்பிகளுக்கோ ஈரம் ஏறாத, நுரைத்த பிளாஸ்டிக் உறை. சீவி எறிந்த துணுக்கு ஒன்று, உள்ளே அடைபட்ட காற்றோடு, குழித் தண்ணீரில் பொரி மாதிரி மிதக்கிறது. கடைசிக் கம்பியை முறுக்கிவிட்டுச் சோதனைப் போனைக் காதில் வைக்கிறார். மணி போகிறது. “யாரு? இவ்ளோ பாரிஷ்ல லைன் இருக்கா?” மழையைப் பாரிஷ் என்றே சொல்லிப் பழகிய நர்ஸ் மரகதத்தின் குரலுக்குப் பின்னால் அவள் வீட்டுத் தகரக் கூரையில் விழும் மழைகூடக் கேட்கிறது. “இருக்கும்மா. இனிமே இருக்கும்.” மெழுகுச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, அதே தீயில் பக்கிரிசாமி டீத்தண்ணீர் வைக்கிறார்.