மேனேஜர் ஏன் மங்கலா இருக்கார்?

"ஏண்டி, வாயில்லா ஜீவனை இந்தப் பாடு படுத்துறியே, உனக்கே நல்லா இருக்கா?"

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார் டெய்லர்.

வீட்டு முன்னறைதான் அவருக்குக் கடை. அந்த அறை நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் நாயை உட்கார வைத்திருந்தாள் அவர் மனைவி. வெட்டுத் துணியில் தைத்த குட்டிக் கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை. இன்றைக்கு வக்கீல் வேஷம்.

நாயின் பெயர் மேனேஜர். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், நாள் பூரா மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். மகன் வைத்தது.

"அசையாம இருடா ராஜா... அப்படித்தான்!" என்று கொஞ்சிக்கொண்டே மனைவி போனைத் தூக்கிப் படமெடுத்தாள். எடுத்த சூட்டோடு இன்ஸ்டாகிராமில் போட்டும் விட்டாள். முந்தாநாள் டாக்டர், நேற்று போலீஸ். தினம் தினம் இந்தக் கூத்துதான்.

தைக்கக் கொடுத்ததை வாங்க வந்த எதிர்வீட்டுக்காரி போனை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, மேனேஜர் மங்கலா இருக்கார்? பின்னாடி அண்ணன்தான் பளிச்சுன்னு தெரியறார். எடுக்கறதுக்கு முன்னாடி திரையில நாய் மேல விரலை வைக்கணும்க்கா. எதைத் தொடுறோமோ அதுதான் தெளிவா விழும்."

"அதெல்லாம் எனக்கு எங்கே கைக்கு வருது?"

"நல்லா சொல்லும்மா! ஓட்டைப் பனியனோட என் மானத்தையும் சேர்த்துல்ல வாங்கறா!" என்றார் டெய்லர்.

எதிர்வீட்டுக்காரி சிரித்தபடி போனாள். டெய்லருக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளுக்குள் எரிந்தது.

மகன் வீட்டை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. கை நிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு, கேமராவும் கையுமாக வந்து நின்றான். "இனிமே படம் எடுக்கறதுதான்ப்பா என் தொழில்" என்றான். வார்த்தை தடித்தது. "இனி என் மூஞ்சில முழிக்காதே, போடா!" என்று கத்திவிட்டார். அவனும் ரோஷக்காரன். அப்பனைப் போலவே. போனவன் போனவன்தான்.

அதோடு விட்டாரா? "அவன் பேச்சையே இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்று மனைவிக்கும் ஒரு உத்தரவு போட்டார்.

அவளும் எடுக்கவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "போதுங்க உங்க வீம்பு, பிள்ளையைக் கூப்பிடுங்க" என்று அவள் கெஞ்சினால் போதும். சரி, உனக்காகத்தான் என்று கெத்துக் குறையாமல் இறங்கி வந்துவிடலாம். அதற்காக எத்தனை நாள் காத்திருந்தார்! அவளோ நாய்க்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பெத்த பிள்ளை சாப்பிட்டானா, தூங்கினானான்னு கவலை இல்ல," என்று வெடித்தார். "நாய்க்கு எத்தனை லைக்குன்னுதான் கவலை! நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

அவள் மேனேஜரின் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். போனைத் துணி வெட்டும் மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

"இன்னிக்கு எல்லாத்தையும் அழிச்சுத் தொலைக்கிறேன்" என்று போனை எடுத்தார் டெய்லர்.

டாக்டர் மேனேஜர், மங்கல். பின்னால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு டெய்லர், தெளிவு. போலீஸ் மேனேஜர், மங்கல். பின்னால் யாரிடமோ சிரித்துப் பேசும் டெய்லர், தெளிவு. சமையல்காரர் மேனேஜர், மங்கல். பின்னால் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கும் டெய்லர், மீசை முடிவரைக்கும் தெளிவு.

அட, ஒரு தடவை கை தவறலாம். ஒவ்வொரு தடவையுமா தவறும்?

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒருத்தன் தவறாமல் எழுதியிருந்தான். பக்கத்தில் பொட்டளவு படம். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான் மகன்.

'அப்பா கண்ணாடி மாத்திட்டாராம்மா?'

'ஆமாப்பா. பவர் கூடிப்போச்சு.'

'கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியறாரே?'

'சாப்பாட்டுல குறை வைக்கல கண்ணா. உன்னை நினைச்சுத்தான்.'

இன்றைய படத்துக்கும் அதற்குள் வந்திருந்தது. 'வக்கீல் அய்யா அருமைம்மா. அப்பாவைத்தான் பாதி மறைச்சுட்டார். இருமல் நின்னுடுச்சா?'

அதற்கு இன்னும் பதில் போகவில்லை.

ஈரத்தலையோடு வந்த மனைவி, அவர் கையில் போனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அது வந்துங்க... வீட்ல நான் ஒரு வார்த்தைகூட..."

டெய்லர் போனை அவள் கையில் கொடுத்தார். ஓட்டைப் பனியனுக்கு மேல் சலவைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். தலையை வாரினார். மெஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் என்றதும் பழக்கதோஷத்தில் மேனேஜர் தானாகவே ஸ்டூலில் ஏறிக்கொண்டது.

"என்ன பார்க்குற? எடு. இருமல் நின்னுடுச்சுன்னு எழுதிப் போடு."

அவள் போனைத் தூக்கினாள். கண்ணில் நீர் முட்டி, திரையே தெரியவில்லை.

"இரு, இரு!"

டெய்லர் எழுந்து வந்து, மேனேஜரோடு சேர்த்து ஸ்டூலை ஓரமாக இழுத்து விட்டார்.

"இவன் எதுக்குடி குறுக்கே? அவன் என் மூஞ்சில முழிக்க வேண்டாமா!"