எடுத்தேன்னு சொல்லுங்க மேடம்

"நீங்கதான் எடுத்தீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். வெளியில மூச்சு விட மாட்டேன்."

எறும்பு மேடம் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். எதிரே கொசு சார் நின்றுகொண்டிருந்தார். பூச்சியியல் துறையில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. ஆராயும் பூச்சியே பட்டப்பெயர். தன் கொசு ஆராய்ச்சித் தரவுகளை மேடம் மொத்தமாகத் திருடிவிட்டதாக வருஷக்கணக்காகத் தம்பட்டம் அடித்துவருகிறவர் சார். அவர் கொடுத்த புகாரால் மேடத்தின் பதவி உயர்வு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. விசாரணை நாளைக்கு.

"செல்போன்ல ரெக்கார்ட் பண்றீங்களா சார்?"

சார் செல்போனை எடுத்து மேடத்தின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"உங்க கொசு டேட்டாவை வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்ணப்போறேன்? எனக்கு எறும்புக்கே நேரம் போதலை."

"கூடப் பொறந்த அண்ணனா நெனச்சு சொல்லும்மா."

மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் தலை தெரிந்தாலே கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடுகிற மனுஷன்! சொந்த மாணவர்களுக்குக்கூட ஒரு வரி காட்டியதில்லை. இப்போது அண்ணனாம்!

"நாளைக்கு விசாரணையில என்னை மாட்டிவிடணும், அதானே?"

"விசாரணையே வேண்டாம்மா!"

செல்போனைப் பிடுங்கிக் கடகடவென்று தட்டினார். மேடம் எதையும் எடுக்கவில்லை, புகாரை வாபஸ் பெறுகிறேன் என்று இயக்குநருக்கு மெயில் போனது. அதை மேடத்தின் கண்ணெதிரே நீட்டினார்.

"இப்பவாவது சொல்லும்மா. எடுத்தேதானே?"

மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இத்தனை வருஷ பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியதில் அழுகையே வந்துவிட்டது. ஆளை அனுப்பிவைத்தால் போதும் என்றிருந்தது.

"சரி, எடுத்தேன்னே வெச்சுக்கோங்க. அதுக்கென்ன இப்போ?"

சாருக்கு முகமெல்லாம் பல்.

"தெய்வமே! சட்டுனு அந்த டேட்டாவுல ஒரு காப்பி குடும்மா. என் கட்டுரையோட டேட்டா முழுசையும் எல்லாரும் பாக்கற மாதிரி இன்னிக்குள்ள இணையத்துல போடணுமாம். இல்லேன்னா கட்டுரையையே தூக்கிடுவோம்னு ஜர்னல்ல கறாரா சொல்லிட்டாங்க. என் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டு ஆறு மாசமாச்சு. உலகத்துலயே அந்த டேட்டா இப்ப உன்கிட்ட மட்டும்தான் இருக்கு!"

திருடாமல் விட்டுவிட்டோமே என்று எறும்பு மேடம் முதன்முறையாக வருத்தப்பட்டார்.