அப்பளப் பரிசோதனை

“அம்மா, மெல்லிசா ஒரு காகிதம் கிடைக்குமா?” என்றார், கரமனையில் கல்யாணராமனின் பழைய காரை வாங்க வந்த சாலைக்கடை ஹரிகுமார்.

“அப்பளாம்தான் இருக்கு” என்று பச்சை அப்பளம் ஒன்றை நீட்டினாள் பத்மஜா.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் ஆயில் மூடியைக் கழற்றி, துவாரத்தின் மேல் அப்பளத்தை வைத்தார் ஹரிகுமார். நல்ல எஞ்சின் அதைச் சமர்த்தாக உள்ளே இழுக்கும். இந்த எஞ்சின் அதைத் துள்ளித் துள்ளி ஆடவிட்டது.

“சாமீ, இதுக்கு மூச்சு முட்டுது பாத்தியளா? நமக்குச் சரிப்படாது.” போய்விட்டார்.

மகன் சுமந்த் பெங்களூரிலிருந்து போனில் கத்தினான். “மூணாவது ஆளும் வேண்டாம்னுட்டாரா? இந்த மாசம் அதை வித்தே ஆகணும்ப்பா!”

“பின்னே? வித்துடணும்” என்றார் கல்யாணராமன், துக்கம் விசாரிக்கும் குரலில்.

“ஆமாண்டா” என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள் பத்மஜா.

அவள் தலை மறைந்ததும், எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் ரப்பர் குழாயின் கீழ்முனையைக் கழற்றி, காலையில் தாம் திணித்த கைக்குட்டையை உருவினார் கல்யாணராமன். முப்பது வருஷத் தோழனை விற்பதாவது! குழாயை மாட்டி, வண்டியைக் கிளப்பி, அப்பளத்தை வைத்தார்.

இன்னும் ஆடியது.

நிஜமாகவே கெட்டுப்போச்சா? எஞ்சினை நிறுத்தி, குழாயின் மேல்முனையைக் கழற்றினார். உள்ளே பந்தாகச் சுருட்டிய மாம்பழக் கலர் துணி. பத்மஜாவின் பழைய புடவைத் தலைப்பு!

அடுக்களை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“ஏன்னா, அதை எடுக்காதீங்கோ! நாளைக்கு இன்னொருத்தர் பார்க்க வரார்!”