நகராத சைக்கிள்

"இன்னாது, நகராத சைக்கிளா?"

முத்து வாய்விட்டே கேட்டுவிட்டான்.

பிரான்சுக்கே திரும்பிப் போகிற வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று, வீட்டுச் சாமான்களை முற்றத்தில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தது. நாற்காலி, அலமாரிகளுக்கு நடுவே, சக்கரம் தரையில் படாத இரண்டு சைக்கிள்கள். எவ்வளவு மிதித்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். உடம்பு இளைக்க வீட்டுக்குள்ளேயே மிதிப்பதாம்!

அதை வாங்கத்தான் முத்துவின் அக்கா புருஷன் காசிலிங்கம் வீராம்பட்டினத்திலிருந்து அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மாமா, ஆடித் தேருக்குள்ள உன்னை ஊர் நாட்டாமையா வெக்கலாம்னு பேசிக்கினு இருக்காங்க. இந்த நேரத்துல இதைத் தூக்கிக்கினு போனா ஊரே சிரிக்கும். கட்டுமரம் தள்ற ஆளுக்கு இது இன்னாத்துக்கு?"

"தொந்தி வெச்சிருச்சுடா."

இல்லாத தொந்தியைத் தடவிக்கொண்டார் மனுஷர்.

முத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா வீராயி மீன்கூடையோடு வழுக்கி விழுந்து, முட்டி மடங்காமல் மாசக்கணக்கில் வீட்டோடு கிடக்கிறாள். இந்த ஆளுக்குத் தொந்தி ஒரு கேடா!

இரண்டில் உயரமான சைக்கிள் ஜோராக இருந்தது. காசிலிங்கம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குறுக்குக் கம்பி இல்லாத குட்டைச் சைக்கிளின் பக்கத்தில் குந்தி, பெடலைக் கையாலேயே சுற்றிப் பார்த்தார்.

"சுளுவா சுத்துது. இதான் சரி."

"ஐயோ மாமா, அது இந்த வூட்டு வெள்ளைக்கார மதாம் மிதிச்சது. பொம்பளைங்க சைக்கிள்!"

"பொம்பளைங்க மிதிச்சா இன்னா?"

"நல்லா கேட்ட போ! வெள்ளைக்காரிக்குச் சரி. நம்ம வூட்டுப் பொம்பளை இதுல காலைப் போட்டு ஏறினா மானம் கப்பலேறிடும். நானா இருந்தா வெட்டிப் போட்டுடுவேன்."

காசிலிங்கம் குட்டைச் சைக்கிளைத்தான் மாட்டுவண்டியில் ஏற்றினார்.

முத்து பயந்தபடியே ஆயிற்று. கரையில் வலை உலர்த்துகிறவன்கூட விடவில்லை. "இன்னா காசிலிங்கம், சைக்கிள் கடலூர் தாண்டிருச்சா?"

ஊர்க்கூட்டத்தில் வம்புக்காரன் கொளஞ்சி எழுந்தான். "இருந்த எடத்துலயே மிதிக்கிறவரு ஊரை எங்கப்பா கொண்டுபோவாரு?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாட்டாமைப் பட்டம் வேறொருவருக்குப் போயிற்று. காசிலிங்கமும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் முத்துவால் தாங்க முடியவில்லை. அவமானத்தில் ராத்திரி சோறு இறங்கவில்லை அவனுக்கு.

மறுநாள் மத்தியானம், அந்தச் சனியனைக் கடலில் தூக்கிப் போட்டுவிடுகிற வேகத்தில் அக்கா வீட்டுக்கு வந்தான்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கம் போனவன், அப்படியே வேலியோரம் நின்றுவிட்டான்.

காசிலிங்கம் கிணற்றடியில் இருந்தார். வாளித் தண்ணீரை அள்ளி நெற்றியிலும் மாரிலும் தெளித்துக்கொண்டிருந்தார், வேர்த்து விறுவிறுத்த ஆள் மாதிரி.

உள்ளே சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"யோவ்!" ஜன்னல் வழியாக வீராயியின் குரல். "டாக்டர் சொன்ன மாதிரியே மிதிக்க மிதிக்க முட்டி மடங்குதுய்யா!"

"மெதுவா மிதி, வீராயி. நான் வாசலுக்குப் போயி, நாலு பேரு பாக்குற மாதிரி மூச்சு வாங்கிட்டு வரேன்."

"என்னால உனக்கு நாட்டாமை போச்சே..."

"போனா போவுது. நீ எழுந்து நடமாடு, அது போதும்."

சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, வீராயி சொன்னாள்.

"ஊருக்குத் தெரிஞ்சாக்கூடத் தாங்கிக்குவேன்யா. என் தம்பிக்கு மட்டும் தெரியக் கூடாது."

முத்து வந்த சுவடு தெரியாமல் வாசலுக்குத் திரும்பினான்.

தெருவில் கொளஞ்சி பல்லை இளித்துக்கொண்டு நின்றான். "இன்னா முத்து, மாமன் உள்ள மிதிக்கிறாரா?"

"ஆமாம்" என்றான் முத்து. "நாளையிலேருந்து நானும் வந்து மிதிக்கப்போறேன். சிரிக்கிறதை இப்பவே சிரிச்சுக்க."