இருவரும்

"பொண்டாட்டி பேச்சைக் கேட்டுத்தான் ஆதம் நபி சொர்க்கத்தை விட்டே வெளிய வந்தாரு. நான் உன் பேச்சைக் கேட்டுப் பொட்டப்புள்ளைய வக்கீலுக்குப் படிக்க அனுப்பணுமா?" என்றார் தையல்காரர், கத்திரிக்கோலை நிறுத்தாமல்.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி, மகளின் கல்லூரிப் படிவத்தை அவர் வெட்டிக்கொண்டிருந்த துணி மேலேயே வைத்தாள். நாளை கடைசி நாள். அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அவர் பொண்டாட்டி ஹவ்வாதான் கெடுத்தாங்கன்னு குர்ஆன்ல எங்க இருக்கு? காட்டுங்க. இதை நானே கிழிச்சுப் போடறேன்."

அலமாரி உச்சியிலிருந்த தமிழாக்கம் கீழே இறங்கியது. மதியம் லுஹர் தொழுகையிலிருந்து சாயங்காலம் அஸர் வரை தேடினார். ஓரிடத்தில், ஷைத்தான் இருவரையும் சறுக்கச் செய்தான் என்றிருந்தது. இன்னோரிடத்தில் 'ஆதமே' என்று நேராக அவரையே கூப்பிட்டுப் பேசியிருந்தான். ஹவ்வாவின் பெயர்கூட எங்கும் கண்ணில் படவில்லை.

"தமிழ்ல விட்டுட்டாங்க போல. ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டு வரேன். அவர் சொன்னா ஒத்துக்குவியா?"

"நீங்க ஒத்துக்குவீங்களா?"

"நான் எதுக்கு மாட்டேங்கப் போறேன்?"

"அப்ப இதையும் கொண்டு போங்க" என்று படிவத்தை அவர் சட்டைப் பையில் செருகினாள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் தம் வீட்டு முன்னறையில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தமிழ்ல ஒண்ணும் விடல பாய். அரபியிலயும் 'இருவரும்'தான். சறுக்கினது ரெண்டு பேரு. மன்னிப்புக் கேட்டதும் ரெண்டு பேரு. பழியை மட்டும் நாம ஒருத்தங்க தலையில கட்டிட்டோம்."

தையல்காரருக்குச் சொன்ன சொல் சொல்தான். காதில் செருகியிருந்ததை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனார். அது துணியில் கோடு போடும் சாக்குக் கட்டி. ஹஜ்ரத் பேனாவை நீட்டினார்.

போட்டு முடித்த பிறகும் மனம் ஆறவில்லை.

"ஆனா ஹஜ்ரத், ஹவ்வா பேச்சைக் கேட்டுத்தான் எல்லாம் போச்சுன்னு போன மாசம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான்ல நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பித்தானே நான் வீட்டுல வாயை விட்டேன்?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

"சொன்னேன்" என்றார் ஹஜ்ரத்.

"அப்புறம் எப்படி மாறினீங்க? புதுசா ஏதாவது கிதாபு படிச்சீங்களா?"

ஹஜ்ரத் உள்ளறைத் திரைச்சீலையை ஒரு பார்வை பார்த்தார். குரலை இறக்கினார்.

"அதை ஏன் கேக்கறீங்க பாய். பொண்டாட்டி பேச்சைக் கேட்டேன்."