பரணில் யார்?

"நடந்தா சத்தம் கீழ கேக்கக் கூடாது, உதுமான் அண்ணே. பலகையை ரெண்டு அடுக்காப் போட்டுருங்க."

ரம்பத்தைத் தோளிலிருந்து இறக்கிய தச்சர் உதுமான், பேராச்சியை வியப்போடு பார்த்தார். தாராவியில் எத்தனையோ பரண்களைப் படுக்கையறையாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். காற்று வேணும், வெளிச்சம் வேணும் என்பார்கள். சத்தம் கேட்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

"மேல யாரு படுக்கப் போறா, தங்கச்சி?"

"நாங்கதான்." பேராச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சுவரில் அவள் மகள் சந்திரலேகா, மாலை போட்ட படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பவில்லை. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் காலரா வாரிக்கொண்டு போய்விட்டதாம். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தார் அந்த வீட்டுக்குள் அவ்வளவாக வருவதில்லை.

"சன்னலைப் பின்பக்கமா வையுங்க. தெருப் பக்கம் வேண்டாம். அந்தக் கடைசி மூலையில மட்டும் கை வைக்காதீங்க. சாக்குத் திரை கட்டியிருக்கேன். உள்ள பழைய சாமான்."

உதுமான் ஏணியில் ஏறினார். தலைக்கு மேலே தகரம் கொதித்தது. குனிந்தபடி நாலைந்து பலகைகளை அடித்திருப்பார். முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

சட்டென்று திரும்பினார். சாக்குத் திரை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று வர அங்கே சன்னல்கூட இன்னும் வெட்டவில்லை.

மதியம் பேராச்சி ஒரு தட்டில் ரேஷன் அரிசிச் சோறும் மீன் குழம்பும் எடுத்துவந்து, திரையோரம் வைத்தாள்.

"இது யாருக்கு?"

"எம் மவளுக்கு. அவளுக்குப் படைக்காம நான் ஒரு வாய் சாப்பிட மாட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். உதுமானும் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஏணியடியிலேயே சற்று உட்கார்ந்திருந்தார். யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை.

மறுபடி மேலே போனவருக்கு உடம்பு சிலிர்த்தது. தட்டு காலி. பூனை தின்றிருந்தால் மீன் முள்ளை இப்படி ஒழுங்காக ஓரத்தில் ஒதுக்கி வைக்குமா?

வாய்க்குள் ஓதிக்கொண்டே ஆணி அடித்தார். சன்னலை அறுத்துத் திறந்தார். சீக்கிரம் முடித்துவிட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. ஆனால் கடைசிப் பலகையின் நுனி அந்த மூலைக்குள்தான் போய் உட்கார வேண்டும். வேறு வழியில்லை.

திரையை விலக்கினார்.

சுத்தியல் நழுவிப் பலகையில் விழுந்தது.

"ஐயோ, அண்ணே!" என்று கீழிருந்து அலறினாள் பேராச்சி.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்த உதுமானின் முகத்தில் ரத்தமே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

சந்து முனைச் சாயாக் கடையில் ஒருவன் எழுந்து வழிமறித்தான்.

"பாய், ஏக் மினிட். நான் அந்த வீட்டு மருமவன், ஞானதுரை. ஆண்டாப் ஹில்லுல இருக்கேன். எம் பொண்டாட்டி செத்துட்டாள்னு சொல்லுதாங்க. கடைசியா முகத்தைக்கூடக் காட்டல. இப்ப என்னமோ பரண்ல வேலை நடக்காம்லா? மேல என்ன பாத்தீங்க?"

உதுமான் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்த வீட்டு வாசலை மிதிச்சிராதீங்க."

"ஏன்?"

"படத்துல இருக்க அதே முகம். தலைமுடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு அந்த மூலையில உக்காந்திருக்கு. சத்தியமா என் கண்ணால பாத்தேன். 'ஞானதுரை வரட்டும், அவனைக் கூட்டிட்டுப் போகத்தான் காத்துக் கிடக்கேன்'னு சொல்லுது."

ஞானதுரை பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி விறுவிறுவென்று போனான்.

பஸ் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் உதுமானுக்கு மூச்சே வந்தது. திரைக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒடுங்கியிருந்த சந்திரலேகா, சூட்டுக்கோல் தழும்பேறிய கைகளைக் கூப்பிக்கொண்டு கெஞ்சியது இன்னும் அவர் காதிலேயே இருந்தது.

"நான் உசுரோட இருக்கேன்னு அந்த ஆளுட்ட மட்டும் சொல்லிராதீங்க, மாமா!"