ஒரே நாளில் இரண்டு கப்பல்

"ஒரு நாள் தள்ளிப் போட்டா அவளுக்கு என்ன குறைஞ்சிடும்?"

காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்ததிலிருந்து அக்கா இதைக் கேட்பது நாலாவது தடவை. கேட்டது அப்பாவிடம். திட்டியது தங்கையை.

அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிந்ததைக் கொண்டாட மகள்கள் ஆளுக்கொரு கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். அக்காவோடு போன கப்பல் இன்று காலை இந்த ஊரில் இறக்கிவிட்டது. தங்கையோடு போக வேண்டிய கப்பல் இன்றே மாலை நாலு மணிக்கு, ரயிலில் நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் இன்னொரு ஊரிலிருந்து கிளம்புகிறது. மூன்று மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அப்புறம் அழுது புரண்டாலும் ஏற்றமாட்டார்கள்.

மறுநாள் கிளம்பும் கப்பலும் இருந்தது. தேதியை மாற்றச் சொல்லி அப்பா மூலமாக மூன்று தடவை சொல்லி அனுப்பினாள் அக்கா. மூன்று தடவையும் முடியாது என்றே பதில் வந்தது.

நேரில் பேசியிருக்கலாம்தான். ஆனால் இருவருக்கும் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவின் கடைசி நாட்களில், இனி ஆபரேஷன் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று முடிவெடுத்தவள் அக்கா. "அம்மாவை நீதான் கொன்னுட்ட" என்று போனில் கத்தியவள் தங்கை. அன்றைக்கே அந்த நம்பரை அக்கா பிளாக் செய்தாள். பல் டாக்டரான தன்னைத் தேடி ஒருமுறை கிளினிக் வரை வந்தவளையும், டாக்டர் வெளியே போயிருக்கிறார் என்று நர்ஸை விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

பெட்டிகளை முதல் நாளே கேபின் வாசலில் வைத்துவிட்டால் கப்பல்காரர்களே இறக்கித் தருவார்கள். ஆனால் கரையில் அவற்றைத் தேடிப் பிடிப்பதற்குள் ரயில் போய்விடும். அதனால் இரண்டு பெட்டியையும் அக்காவே இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். முழங்கையில் சிராய்ப்பு. அதுவும் தங்கை கணக்கில் சேர்ந்தது.

அப்பாவுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயிலில் ஏறிவிட்டால் எல்லாம் தன் கையில் இருப்பதாகவே நினைப்பு.

நடுவழியில் வண்டி நின்றது.

"எதிர் வண்டிக்கு வழி விடுறான். பதினெட்டு நிமிஷத்துல எடுத்துடுவான்" என்றார்.

முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. விட்ட நேரத்தை அடுத்த சமவெளியில் பிடித்துவிடுவான், எப்படியும் கப்பலுக்குப் போய்விடலாம் என்றார்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி புலம்பிக்கொண்டே வந்தாள். இந்நேரம் அவள் சொகுசாகக் கப்பலுக்குள்ளே போய்க் காலை நீட்டிப் படுத்திருப்பாள். எப்படி ஓடி வருவோம் என்ற கவலை ஏதாவது இருக்கிறதா? அப்பாவைக் கவுன்ட்டரில் ஒப்படைத்துவிட்டு, அவள் முகத்தில் விழிக்காமல் அடுத்த ரயிலில் வீட்டுக்குத் திரும்பிவிடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தாள்.

ரயிலிலிருந்து இறங்கி டாக்ஸி பிடித்துத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டு ஐம்பத்தொன்று. நீளமான கூடத்தில் வரிசையெல்லாம் காலி. ஒரே ஒரு கவுன்ட்டரில் விளக்கு எரிந்தது. அதற்கு எதிரே ஒருத்தி தன் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

தங்கை.

கவுன்ட்டர் பெண்மணி இவர்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள். "இப்பவாவது வந்தீங்களே. ஒரு மணியிலேர்ந்து உள்ளே போங்கன்னு கெஞ்சறேன். எங்க ஆளுங்க வரலைன்னா கப்பல் போனாப் போகட்டும்னு நகராம உட்கார்ந்திருக்காங்க."

அதைக் காதில் வாங்கும் நிலையில் அக்கா இல்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்ததை மொத்தமாகக் கொட்டினாள். வயசான மனுஷனை இப்படி ஓட விடலாமா, வண்டி இன்னும் கால் மணி நேரம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும், மனசாட்சி என்று ஒன்று உண்டா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். தங்கை எழுந்தாள். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள நான் டிக்கெட்டைக் காட்டி முடிச்சுடுவேன். நீங்க பேசிக்கோங்க" என்று பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றாள் தங்கை. "அம்மாவுக்கு நீ செஞ்சதுதான் சரி. அதை உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு மூணு வருஷமா அலையறேன்."

அக்காவுக்கோ கோபத்தை அவ்வளவு சுலபமாக விட்டுவிட மனசு வரவில்லை.

"அதுக்கு இப்படியா? ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தா எல்லாருமே நிம்மதியா வந்திருக்கலாமே?"

"நேரம் இருந்தா அப்பாவை மட்டும் ரயில் ஏத்தி விட்டுட்டு நீ வீட்டுக்குப் போயிருப்பேக்கா. நேரம் இல்லைன்னாத்தானே நீயே கூட்டிக்கிட்டு வருவே?"